கேம்பல் பே போன கிளட்ச் பிளேட்

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். எனக்குக் கார் லோன் அப்ரூவ் ஆகிவிட்டதாம். நான் கேட்கவே இல்லையே அம்மா என்றேன். கேட்காமலே கொடுப்பதுதான் மேடம் இதில் விசேஷம் என்றாள். "இப்ப என்ன வண்டி மேடம் வச்சிருக்கீங்க?" என்று அடுத்த கேள்வி. நான் குனிந்து பார்த்தேன். நாற்காலிக்கு முன்னால் கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை போட்டிருக்கிறேன். "வண்டி இல்லம்மா. வண்டியோட தரை மட்டும் இருக்கு" என்றேன். அவள் மெதுவாகப் போனை வைத்துவிட்டாள். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள், பாவம்.

நான் சொன்னது நிஜம். அது படாக் பலகை. எங்கள் தீவுக் காட்டில் விளைகிற சிவப்பு மரம். தரை துடைக்கும்போது அதில் தண்ணீர் பட்டால் இன்றைக்கும் ஒரு வாசனை எழும், பாதி மரம், பாதி பெட்ரோல். மருமகள் ஒன்றும் வரவில்லை என்கிறாள். அந்த வண்டியில் ஏறாத மூக்குக்கு எப்படி வரும்?

கல்யாணமாகி நான் போர்ட் பிளேயருக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது, என் வீட்டுக்காரர் அந்த வண்டியைத்தான் ஜெட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்துக் கார். சர்க்கார் ஏலத்தில் எடுத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். உப்புக் காற்றில் அதன் அடித்தகரம் அரித்துப்போய், உட்கார்ந்தால் காலுக்குக் கீழே ரோடு ஓடுவது தெரியுமாம். அதனால் தகரத்தைப் பெயர்த்துவிட்டுப் படாக் பலகை அடித்துவிட்டார். புதுப்பெண் காரில் ஏறுகிறோம் என்று கால் வைத்தால் வள்ளத்தில் கால் வைத்த மாதிரி இருந்தது. "இது முழுகாதுல்லா?" என்று கேட்டேன். நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், சிரிக்காமல் பதில் சொன்னார்: "இதுவரைக்கும் முழுகல."

எங்கள் பேட்டையான பத்துபஸ்தியில் எல்லோரும் அதைப் 'புடியா' என்றுதான் சொல்வார்கள். இந்தியில் கிழவி. எங்கள் தெருவில் பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று நாலு பாஷை உண்டு. சண்டை போட, கடன் கேட்க, நலம் விசாரிக்க எல்லாவற்றுக்கும் எங்கள் இந்திதான் பொது. காலையில் புடியாவைச் சரிவில் உருட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார். அதற்காகவே மேட்டில் வீடு பார்த்தவர். வண்டி ஓடினால் எல்லாப் பாகமும் ஆளுக்கொரு சத்தம் போடும். மிகவும் மோசம், கண்ணாடிக்குக் கீழே பில்லு, பென்சில் வைக்கிற சின்னப் பெட்டியின் மூடி. கடகடகடவென்று அது அடித்துக்கொள்ளும் சத்தத்தில், நான் சொல்வது எதுவும் காதில் விழவில்லை என்று அவர் தப்பித்துக்கொள்வார்.

தெற்குக் கோடித் தீவில் இருக்கிற கேம்பல் பேயில் மாஜி ராணுவத்துக்காரர்களைக் குடிவைக்க ஆரம்பித்திருந்த சமயம். நான் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். என் சம்பளத்தில் வீடு நடந்தது. புடியாவின் வாடகை அப்படியே மெட்ராசுக்குப் போகும். அங்கே ஹாஸ்டலில் தங்கி என் தங்கை செல்வி டீச்சர் டிரெயினிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவளைப் படிக்க வைக்கலாம் என்று சொன்னது நானில்லை, அவர்தான். நான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

அந்த மழைக்காலத்தில் புடியாவின் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோய் வண்டி நின்றுவிட்டது. தீவில் அந்தக் காலத்தில் ஸ்பேர் பார்ட் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. பழைய பிளேட்டை நியூஸ் பேப்பர் மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, பல் எத்தனை, ஓட்டை எத்தனை என்று குறித்து மெயின்லேண்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டும். அவர் அதை வைத்துக் கடை கடையாகத் தேடி வாங்கி, கப்பலேறுகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவார். முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. கப்பல் வரும் நாளில் நாம் ஜெட்டியில் நின்று, "என் பார்சல் யாருகிட்ட?" என்று கூவ வேண்டியதுதான். ஊறுகாயும் வந்து சேரும், கம்மலும் வந்து சேரும், எதுவும் தொலைந்ததில்லை.

செல்வி ஹாஸ்டல் வாட்ச்மேனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கிப் பிளேட்டை வாங்கிவிட்டாள். கப்பல் வந்த அன்று அவர் ஜெட்டியில் மழையில் நின்று, "மெட்ராஸ்லருந்து செல்வி குடுத்த பார்சல்!" என்று தொண்டை வற்றக் கூவினார். தமிழில் கூவினார், இந்தியில் கூவினார். கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் நின்றார். பார்சல் இல்லை.

அப்புறம் தபால் மூட்டை பிரித்ததும் செல்வியின் கடிதம் கிடைத்தது. 'அந்தமானில் குடியேறப் போகும் ஒரு மாஜி ராணுவத்துக்காரர் கையில் கொடுத்திருக்கிறேன். நல்ல மனிதர். பத்துபஸ்தி என்று விலாசம் எழுதிக் கொடுத்தேன், விசாரித்துக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அவர் ஊர் பெயர் கேம்பல் பே.' மெயின்லேண்ட்காரர்களுக்கு அந்தமான் என்றால் ஒரே ஊர், நாலு தெரு. அந்த மனிதரும் தீவுக்குப் புதுசு. அவரையும் மற்றவர்களையும் வந்த அன்றே, ஜெட்டியில் இறக்காமல் கப்பலின் மறுபக்கமாகவே தெற்கே போகும் கப்பலில் மாற்றி ஏற்றிவிட்டார்கள். நாட்கணக்கில் கடலில் போய்க் கேம்பல் பேயில் இறங்கி, அங்கே பத்துபஸ்தி எந்தத் தெரு என்று விசாரித்தாராம். திரும்பி வருகிற கப்பல் எப்போது என்று ஷிப்பிங் ஆபீசில் கேட்டதற்கு, "ஆயேகா தோ ஆயேகா" என்றார்கள். வரும்போது வரும்.

புடியா மேட்டில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. வாடகை இல்லை. செல்விக்கு இரண்டாம் வருஷப் பணம் கட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் அடுத்த வீட்டு மண்டல் பாபு, தவணையில் எடுத்த புதுக் காரைக் கப்பலிலிருந்து இறக்கினார். வெள்ளை நிறம். கதவைச் சாத்தினால் 'தப்' என்று ஒரே சத்தம், அதற்குமேல் ஒரு முனகல் கிடையாது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் வாசலில் வேலை வைத்துக்கொண்டேன். பாபு நல்ல மனுஷன். தானே ஜாமீன் நிற்பதாகவும், எங்களையும் ஒன்று எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். கல்கத்தாக் கம்பெனி, ஐந்து வருஷத் தவணை.

எனக்கு ஆசை தலைக்கேறிவிட்டது. நாலு நாள் வீட்டுக்காரரை நச்சரித்தேன். அவர் அப்பா வள்ளத்துக்கு வாங்கிய கடனில் வள்ளமும் போய், வலையும் போய், கடைசியில் ஊரும் போய்த்தான் இவர் இங்கே வந்து சேர்ந்தார். அது தெரிந்தும் நச்சரித்தேன். ஐந்தாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வாங்குவோம்ளா. தவணை கட்டணும்னா மெட்ராசுக்கு அனுப்ப முடியாது. செல்விக்கு நீயே ஒரு லெட்டர் எழுதிரு, படிச்சது போதும்னு."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நானும் வீம்பாக ஒரு நீல இன்லண்டு லெட்டரை எடுத்து உட்கார்ந்தேன். ஆபீசில் யாருடைய வேலைக்கு வேட்டு வைக்கிற ஆர்டர் என்றாலும் பத்து நிமிஷத்தில் அடித்துக் கொடுக்கிறவள் நான். 'அன்புள்ள தங்கை செல்விக்கு' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அவள் கையில் பென்சில் படத்தோடு கடை கடையாக ஏறி இறங்கியதுதான் கண்ணில் வந்து நின்றது. மடித்து அடுப்படியில் போட்டேன். புதுக் கார் பேச்சை அதோடு விட்டேன்.

பேச்சை விட்டால் பணம் வந்துவிடுமா? மறுநாள் விடியக்காலையில் அவர் பாபு வீட்டு வாசலில் நின்றார். "பாபு, மேரா காடி பந்த். தும்ஹாரா காடி மை சலாயேகா." என் வண்டி நின்றுவிட்டது, உன் வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று அர்த்தம். இலக்கணம் பார்க்காதீர்கள், எங்கள் தெருவில் அதுவே சுத்தமான இந்தி. சொந்த வண்டி வைத்திருக்கிறவர், அடுத்த வீட்டுக்காரரிடம் தினக்கூலி டிரைவர் ஆனார். தவணையை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்த பாபுவுக்கும் அது நிம்மதிதான்.

ஒருநாள் அந்த வெள்ளைக் கார் எங்கள் ஆபீசுக்கே வந்தது. இவர் இறங்கி ஓடிவந்து குடை பிடித்து, எங்கள் சூப்பிரண்டுக்குக் கதவைத் திறந்துவிட்டார். நான் ஜன்னலிலிருந்து சட்டென்று பின்னால் நகர்ந்து ஃபைல் அலமாரி மறைவில் நின்றுகொண்டேன். பக்கத்து சீட்டுக்காரி, "ஒங்க வீட்டுக்காரர் மாதிரி இல்ல?" என்றாள். "தெரியலயே" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய்களில் இதுதான் இன்னும் உறுத்துகிறது.

சாயங்காலம் சட்டையைப் பிழிந்து காயப்போட்டபடி கேட்டார்: "ஜன்னல்ட்ட நின்னியோ?"

"இல்லியே."

"சரி. சோத்தப் போடு."

அவ்வளவுதான். நானாக இருந்தால் அந்தச் 'சரி'யை ஒரு வாரம் இழுத்திருப்பேன். அவர் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பணத்தை இந்தக் கப்பல் தபாலில் அனுப்பினால் நாளுக்குள் போய்விடுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு முன்னால் நான் மிகவும் சின்னவள் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பணம் நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. பிளேட்டும் ஒரு வழியாகக் கேம்பல் பேயிலிருந்து வந்தது. கோணிப்பையில் சுற்றி, கூடவே ஒரு படி பாக்கும், தவறாக நினைக்கக்கூடாது என்று ஒரு கடிதமும். இத்தனை நாளும் அந்த மாஜி ராணுவத்துக்காரர் அதை மழைத்தண்ணீர் படாமல் தன் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் புடியா சரிவில் இறங்கி உறுமியது. ஒன்று கவனித்தேன். அந்தச் சின்னப் பெட்டி மூடியின் கடகட சத்தம் இல்லை. "ரிப்பேர் பண்ணிட்டீங்களா?" என்றேன். "ஆங்" என்றார்.

செல்வி படித்து முடித்தாள். மெயின்லேண்டில் டீச்சர் வேலை கிடைத்து, முதல் லீவில் கப்பலேறி வந்தாள். மூன்று பேரும் புடியாவில் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் குனிந்து பலகையைத் தடவிக்கொண்டே வந்தாள். "அத்தான், வண்டி ரொம்ப அழகா இருக்கு" என்றாள். அந்த வண்டியை அழகு என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

மண்டல் பாபு ஐந்து வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசித் தவணை வரை கட்டினார். எங்கள் உப்புக் காற்றுக்குத் தவணை தெரியுமா? கடன் தீருவதற்குள் வெள்ளைக் காருக்கும் அடித்தகரம் போய்விட்டது. "அண்ணா, பட்டா லகானா ஹை" என்று பலகை அடித்துத் தரச் சொல்லி வந்து நின்றார். இவர் கிண்டல் செய்யாமல் அடித்துக் கொடுத்தார். கிண்டலையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள் புடியா சரிவில் உருட்டியும் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நாள் மேட்டிலேயே கிடந்தது. இரும்புக்காரர்கள் பிரிக்க வந்தபோது, பலகை ஒன்றை மட்டும் எனக்கென்று எடுத்து வைக்கச் சொன்னேன். அவர்கள் முன்பக்கத்துச் சின்னப் பெட்டியின் மூடியை நெம்பினார்கள். இடுக்கிலிருந்து ஏதோ விழுந்தது. நாலாக, எட்டாக மடித்து ஆப்பு மாதிரி செருகியிருந்த நீலக் காகிதம். பிரித்தேன். 'அன்புள்ள தங்கை செல்விக்கு' என்று என் கையெழுத்து.

அவரைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூடி ஆடிச்சு. கிடந்த தாள எடுத்து வச்சேன்."

இப்போது அவர் இல்லை. மண்டல் பாபு இல்லை. ஜெட்டியில் நின்று பார்சலுக்குக் கூவுகிறவர்களும் இல்லை. எதுவானாலும் வாசலுக்கே கொண்டுவந்து தந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். வீட்டு மேட்டைக்கூட வெட்டிச் சமமாக்கி ரோடு போட்டுவிட்டார்கள். புதுக் கார்கள் அதில் சத்தமே இல்லாமல் போகின்றன. ஜன்னலில் நின்று பார்க்கிறேன். இப்போதெல்லாம் நான் பின்னால் நகர்வதில்லை.