சுவரில் சாய்ந்த சைக்கிள்

மில் மேஸ்திரியை நான் அடித்தது உண்மைதான். முதல் குற்றம் என்பதால் கோர்ட்டில் ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அதைக் கண்காணிக்க நன்னடத்தை அதிகாரி ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் சைக்கிளில் எங்கள் திண்டுக்கல் வீட்டுக்கு வருவார்.

ஒருநாள் என் கையில் ஒரு பெட்டிக் கேமராவைத் திணித்தார்.

“நான் எழுதுற ரிப்போர்ட்டுல உன் பொழப்பு தெரியலப்பா. ஒரு வாரம் எப்படிப் போகுதுன்னு நீயே படம் புடிச்சுக் குடு.”

என்னை நானே காட்டிக்கொடுக்க நான் என்ன கிறுக்கனா? கூட்டாளி எவன் முகமாவது விழுந்தால், இவனோடு ஏன் சுற்றுகிறாய் என்று மடக்குவார். அதனால் குழாயடி, மில் கேட், பஸ் நிறுத்தம் என்று ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பிடித்தேன். கடைசிப் படத்தில், எங்கள் சுவரில் சாய்ந்திருந்த அவர் சைக்கிளைப் பிடித்தேன். எல்லாம் ஒரு வீம்புதான்.

பிரிண்டு போட்டு வந்தவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எதற்குப் பிடித்தாய் என்றார்.

“தங்கச்சிக்கு வரன் பாக்குறோம்யா. இது யாரு சைக்கிளுன்னு டீக்கடையில கேட்டுட்டு ரெண்டு எடம் தெருமுக்கோட திரும்பிருச்சு. வர்ற வெள்ளிக்கிழமை சித்தையன்கோட்டையில இருந்து பொண்ணு பாக்க வாராக.”

அவர் கேமராவில் புது ரோல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல் நாளையும் ஊரையும் சொல்லித் தொலைத்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மனுஷன் இனி அவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார்.

வந்தார். மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்து வாசலில் நின்றார். சைக்கிளைக் காணோம். பாவி, குடியைக் கெடுக்க நடந்தே வந்துவிட்டானே என்று மனசுக்குள் சபித்தேன்.

“இவுக யாரு?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அதிகாரி மாடக்குழியில் இருந்த கேமராவைப் பார்த்தார்.

“போட்டோ புடிக்க வரச்சொன்னாங்க.”

அம்மாவையும் தங்கச்சியையும் என்னையும் வாசலில் நிறுத்திப் பிடித்தார். இந்தப் படத்தை வைத்து என்ன செய்யப்போகிறாரோ என்றுதான் அப்போதும் என் புத்தி போனது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் படம் சித்தையன்கோட்டையில் தங்கச்சி வீட்டுச் சுவரில் இருக்கிறது. அம்மாவும் அவளும் சிரிக்கிறார்கள். நான் போட்டோக்காரரை முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.