அக்காவுக்குப் படம் சொன்ன கிழமை

அக்காவுக்கு வலது கண்ணில் வெண்புரை எடுத்த அன்று, ஆசுப்பத்திரியில் டொக்டர் மூன்று விஷயம் சொன்னார். கொஞ்ச நாளைக்குத் தலை முழுகக் கூடாது. குனிந்து பாரம் தூக்கக் கூடாது. கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் அக்கா தலையாட்டினார். மூன்றாவதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"அப்ப ரீவி?"

"ஒரு கிழமைக்குக் குறைச்சுக் கொள்ளுங்கோ அம்மா."

குறைப்பது என்பது அக்காவுக்கு வராத காரியம். எதையும் முழுக்கச் செய்வார், இல்லாவிட்டால் தொடவே மாட்டார். ஓட்டோவில் வரும்போதே முடிவெடுத்துவிட்டார். ஒரு கிழமைக்கு ரீவி பார்ப்பதில்லை. கேட்பது மட்டும்தான். மற்றக் கண்ணிலும் புரை இருந்தபடியால், பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரிந்திராது.

அக்காவின் வீடு கொக்குவிலில். அத்தான் காலமாகிப் பன்னிரண்டு வருடம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். தனியே விட முடியாது என்று அரியாலைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். என் மனைவி நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் பின்னேரங்களில் கணக்குப் படிப்பிக்கிறார். ஐந்தரைக்குச் சைக்கிளில் போனால் திரும்பி வர எட்டரை ஆகும். நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்காக இருந்து இளைப்பாறியவன். பின்னேரத்தில் எனக்கு இருந்த ஒரே வேலை செய்தி பார்ப்பது. ஆகவே ரீவியில் நடப்பதைப் பார்த்து அக்காவுக்குப் படம் சொல்லுகிற வேலை என் தலையில் விழுந்தது.

அதுவரை நான் எந்தத் தொடர்நாடகத்தையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. அந்தக் கிழமை ஒரு நாளைக்கு நாலு பார்த்தேன். எல்லாம் இந்தியச் சனல்களில் வருகிறவை. ஒரு வீட்டில் மருமகளுக்குக் கொடுக்கவென்று விஷம் கலந்த பாயாசம் மூன்று நாளாக மேசையில் இருந்தது. அது புளிக்கவும் இல்லை, எறும்பு மொய்க்கவும் இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் பட்டுச் சீலையோடு சமைக்கிறார்கள். இரகசியம் பேசுவதென்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒருத்தி மற்றவளின் கன்னத்தில் அறைந்தால் அதை மூன்று தரம் காட்டுகிறார்கள், மூன்று தரமும் இடி இடிக்கிறது. இடையில் வருகிற விளம்பரங்கள் நாடகத்தைவிடச் சத்தம். நாங்கள் ஒருநாளும் போகப்போகாத ஊர்களில் இருக்கிற நகைக்கடைக்கெல்லாம் எங்களை வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும்.

"உன்ரை அபிப்பிராயத்தை ஆர் கேட்டது? என்ன நடக்குதெண்டு சொல்லு."

"ஒருத்தி வாறாள்."

"எவள்? என்ன கலர்ச் சீலை?"

"சிவப்பு."

"என்ன சிவப்பு? குங்குமச் சிவப்போ, செங்கட்டிச் சிவப்போ?"

எனக்குச் சிவப்பு என்றால் சிவப்புத்தான். அக்காவுக்கு அது போதாது. சீலையின் நிறத்தை வைத்துத்தான் அவள் நல்லவளோ கெட்டவளோ என்று அவர் கண்டுபிடிப்பார். சாய்மனைக் கதிரையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு விரலை உயர்த்தி இருப்பார். நான் சொல்லாமல் விட்டால் அந்த விரல் ஆடும்.

இரண்டாம் நாள் மழை வந்து டிஷ்ஷுக்குச் சிக்னல் போனது. நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். கால் மணித்தியாலத்தில் திரும்ப வந்துவிட்டது. போன கால் மணித்தியாலத்தில் என்ன நடந்திருக்கும் என்று அக்கா என்னிடம் கேட்டார்.

மூன்றாம் நாள் அளவில் நான் களவு செய்யப் பழகிவிட்டேன். மடியில் பேப்பரை வைத்து வாசித்துக்கொண்டே, "அவள் வெளியாலை போறாள். இவன் பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்று பொதுவாகச் சொல்லுவேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்த நாடகங்களில் யாரோ ஒருத்தி எப்போதும் வெளியே போய்க்கொண்டும், யாரோ ஒருவன் எப்போதும் பார்த்துக்கொண்டும்தான் இருக்கிறார்கள்.

ஆனால் அக்கா நாடகத்தைவிட அக்கறையாகக் கேட்பது உள்ளூர்ச் சனலில் வருகிற மரண அறிவித்தல்களை. ஏழு மணிச் செய்திக்கு முன்னர் போடுவார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று அது போகும். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு செத்தவீட்டைத் தவறவிடுவோம். எங்கள் ஊரில் கலியாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள். செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள்.

அன்று, மூன்றாம் நாள், அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. எனக்கோ மற்றச் சனலில் கிரிக்கெட். கடைசி மூன்று ஓவர். அக்கா அசையாமல் இருந்ததைப் பார்த்து நித்திரை என்று நினைத்து மாற்றினேன்.

"போடு, போடு, திருப்பிப் போடு!" அக்கா கதிரையில் நிமிர்ந்துவிட்டார். "பண்டத்தரிப்பைப் பிறப்பிடமாகவும் எண்டு சொல்லிச்சுது. இளைப்பாறிய ஆசிரியை எண்டு சொல்லிச்சுது. அவளின்ரை பேர்தான் சொல்லிச்சுது!"

நான் திருப்பிப் போடும்போது அடுத்த அறிவித்தல் வந்துவிட்டது. ஒரு கிழவர், பெரிய மீசையோடு.

"படத்தைப் பாத்தனியே? அவள்தானே?"

மாற்றுவதற்கு முன் ஒரு கணம் ஒரு பெண்ணின் படம் தெரிந்தது உண்மை. மூக்குக்கண்ணாடி, பெரிய பொட்டு. அதற்கு மேல் நான் ஒன்றும் பார்க்கவில்லை. ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் மாற்றினாய் என்ற கேள்வி வரும், பிறகு கிரிக்கெட் முடியும் வரை ஏச்சு.

"ஓம் அக்கா. அவதான் போலை கிடக்கு."

அக்கா றிமோட்டை என்னிடம் கேட்டு வாங்கி, தடவிப் பார்த்து, தானே ரீவியை நிப்பாட்டினார்.

அக்கா சொன்ன அந்த ஆசிரியை யாரென்று சொல்ல வேண்டும். அக்காவும் அவரும் பண்டத்தரிப்பில் ஒரே பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருடம் படிப்பித்தவர்கள். சண்டையில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டது. அப்படிப்பட்டவர் அத்தானின் செத்தவீட்டுக்கு வரவில்லை. எட்டாம் நாளுக்கும் வரவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரவில்லை. ஏன் என்று அக்கா கேட்கவும் இல்லை. அன்றையோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

எட்டரைக்கு மனைவி வந்ததும் அக்கா சொன்னார்: "நாளைக்குப் பண்டத்தரிப்புக்குப் போகவேணும். அவள் வராட்டிலும் நான் போகவேணும்."

மனைவிக்கு வேறு கவலை. "மச்சாள், செத்தவீட்டுக்குப் போனால் வந்து முழுகவேணுமெல்லே? டொக்டர் தலையிலை தண்ணி படக்கூடாதெண்டவர்."

"கழுத்துக்குக் கீழை குளிக்கிறன்."

"அது முழுக்காகுமே?"

"ஆகாட்டில் நான் வெளியிலை மாமரத்துக்குக் கீழை கதிரை போட்டு இருக்கிறன். ஒரு கிழமைக்கும் அங்கேயே இருக்கிறன்."

மனைவி தண்ணீர் கொதிக்க வைத்து மஞ்சளும் போட்டு வைப்பதாகச் சொன்னார்.

காலையில் அறிவித்தலைத் திரும்பப் போடுவார்கள், அப்போது முழுவதையும் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். காலையில் எழும்பி ரீவியைப் போட்ட கையோடு கரண்ட் போய்விட்டது. லைன் திருத்துகிறார்களாம், பின்னேரம்தான் வருமாம். பக்கத்து வீட்டிலும் இல்லை. உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். ஆனால் அக்கா அதற்குள் வெள்ளைச் சீலை கட்டி, கண்ணுக்கு மருந்தும் விட்டு, வெளிக்கிட்டு இருந்தார். நான் ஓட்டோவுக்குப் போன் எடுத்தேன்.

வழி முழுக்க அக்கா கதைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அது பெரிய வேதனையாக இருந்தது. தென்மராட்சியில் ஒரு முட்டையைச் சிநேகிதி இரண்டாகப் பிரித்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அதிபரைப் பார்த்து இருவரும் சிரித்து வகுப்பை விட்டு வெளியே ஓடியதைச் சொன்னார். பிறகு, "பன்னிரண்டு வருசம். ஒருக்கால் போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம்" என்றார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தைத் துடைத்தார்.

"அக்கா, அழக்கூடாது. கண்."

"பேசாமல் இரு."

பண்டத்தரிப்புச் சந்தி தாண்டியதும் ஓட்டோக்காரர் ஒரு கடையில் நிறுத்தி, ரீச்சரின் செத்தவீடு எங்கே என்று கேட்டார். கடைக்காரர் யோசித்தார்.

"இஞ்சை ஒரு செத்தவீடும் இல்லையே. ரீச்சர் வீடெண்டால் அந்தா அந்த ஒழுங்கை. நேற்றும் கண்டனான் அவவை."

ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பியது. வெள்ளைக் கொடி இல்லை, பந்தல் இல்லை, ஒரு சைக்கிள்கூட வெளியில் இல்லை. நான் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"அக்கா, நான் படத்தை வடிவாய்ப் பாக்கேல்லை. கிரிக்கெட்டுக்கு மாத்தினனான். சும்மா சொல்லிப்போட்டன்."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"நாடகமும் அப்பிடித்தான் சொன்னனியோ?"

"இடைக்கிடை."

"எனக்குத் தெரியும்." அக்கா சீலைத் தலைப்பைச் சரி செய்தார். "வந்தாச்சு. உயிரோடை இருக்கிறாளோ எண்டு பாத்திட்டுப் போவம். கேற்றைத் தட்டு."

தட்டினேன். உள்ளே தும்புத்தடியால் கூட்டுகிற சத்தம் நின்றது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த பெண் முற்றத்துக்கு வந்தார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். தும்புத்தடி கையை விட்டு விழுந்தது.

"எடியே, நீயே! இதென்ன வெள்ளைச் சீலை? ஆருக்கு என்ன?"

"உனக்குத்தான்" என்றார் அக்கா. "நீ செத்துப்போனாய் எண்டு ரீவியிலை சொன்னவங்கள்."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கேற்றைத் திறக்க அவரால் முடியவில்லை, நான்தான் கொழுக்கியை எடுத்தேன். பிறகு அக்காவின் இரண்டு கையையும் பிடித்தபடி அப்படியே நின்றார். இப்போது சிரிப்பில்லை.

செத்தது மானிப்பாயில் இருந்த வேறொரு ஆசிரியை. பெயர் ஒன்று, பிறந்த ஊர் ஒன்று, தொழிலும் ஒன்று, வதிவிடம் மட்டும் வேறு. அதைச் சொன்னது அக்காவின் காதில் விழவில்லை.

"காலமை துவக்கம் மூண்டு பேர் போன் எடுத்திட்டினம், நான் இருக்கிறனோ எண்டு கேக்க. நீ ஒருத்திதான் நேரிலை வந்தனி."

அக்கா கதிரையில் உட்கார்ந்ததும் அதைக் கேட்டுவிட்டார். "நீ ஏன் அவரின்ரை செத்தவீட்டுக்கு வரேல்லை?"

அந்த அம்மா தேத்தண்ணி வைக்கப் போனவர் திரும்பி வந்தார். அந்த நேரம் மகனின் விசா விஷயமாகக் கொழும்பில் நின்றாராம். ஊர் திரும்பிய பிறகுதான் யாரோ சொன்னார்கள். அந்தியேட்டியும் முடிந்துவிட்டது.

"பிறகு என்ன முகத்தோடை வாறது? இண்டைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு ஒரு வருசம் போட்டுது. ஒரு வருசத்துக்குப் பிறகு வாறதெண்டால் அது இன்னும் வெக்கம்."

"நானும் ஆரிட்டையும் விசாரிக்கேல்லை" என்றார் அக்கா. அவ்வளவுதான். பன்னிரண்டு வருடக் கோபத்துக்கு அதற்கு மேல் பேச்சு நடக்கவில்லை. நான் எதிர்பார்த்தது நிறைய. நான் அந்தக் கிழமை பார்த்த நாடகங்களில் இதை இரண்டு மாதம் இழுத்திருப்பார்கள்.

மத்தியானம் அங்கேயே சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும். அங்கே கரண்ட் இருந்தது. ஒன்றரைக்கு முதல் நாள் நாடகத்தை மறு ஒளிபரப்புச் செய்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா பக்கத்தில் இருந்து சொன்னார்.

"மயில்கழுத்துக் கலர்ச் சீலை, கரை அரக்கு. கையிலை பாயாசம். மூத்தவள் கதவுக்குப் பின்னாலை நிக்கிறாள், ஒரு பக்கத் தோடுதான் தெரியுது."

"அப்பிடிச் சொல்லு!" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "இவன் நேற்று உதிலை அவள் வெளியாலை போறாள் எண்டு சொன்னவன்."

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். மனைவி கிணற்றடியில் மஞ்சள் தண்ணியோடு நின்றார். செத்தவீடு இல்லை என்று சொல்லி முடிக்கும் முன்பே ஏன் என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "ரீவிக்காரங்கள் பேரை மட்டும் சொல்லிப்போட்டு ஓடுறாங்கள்" என்றார். பின்னர் படுக்கப் போகும்போது நானே மனைவியிடம் சொன்னேன். நல்லாய் ஏச்சு வாங்கினேன், அது நியாயம்தான்.

மிச்ச நாட்களில் பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டு ஒழுங்காகப் படம் சொன்னேன். அக்காவுக்குத் திருப்தி இல்லை. ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் பண்டத்தரிப்புக்குப் போன் எடுத்து, நான் சொன்னது சரியோ என்று விசாரித்தார். எட்டாம் நாள் டொக்டர் பார்த்துவிட்டு, கண் நல்லாயிருக்கிறது, மருந்தை மட்டும் நேரத்துக்கு விடுங்கள் என்றார். மருந்து விட ஆள் வேண்டும் என்ற பேச்சு வர முன்பே, அந்த அம்மா ஒரு பையோடு பஸ்ஸில் அக்காவின் கொக்குவில் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டார். பத்து நாள் நிற்பதாகச் சொன்னார். போன கிழமை நான் போனபோது மூன்று கிழமை ஆகியிருந்தது.

அக்காவைக் கொக்குவிலில் விட்டு வந்த அன்று பின்னேரம் செய்தியைப் போட்டேன். ஒரு மதகைத் திறந்து வைக்க ஏழு பேர் மாலையோடு நின்றார்கள். பிறகு அரசியல் விவாதம். நாலு பேர் ஒரே நேரத்தில் கதைத்தார்கள், நடத்துகிறவர் ஐந்தாவதாகக் கதைத்தார். அரை மணித்தியாலம் கேட்டேன். என்ன விஷயம் என்று பிடிபடவில்லை. நிப்பாட்டிவிட்டு, மனைவி வருகிற நேரமாகிவிட்டதென்று வெளி லைற்றைப் போட்டேன்.