பெரிய துரைக்கு விழுந்த அரைப்பேர்

அட்டன் பக்கத்தில் இருந்த ஸ்கொட்லாந்துக்காரர் கோயிலில் மணியடித்தவர் பொன்னையா. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்துதான் துரைமாரின் கோயிலைத் திறப்பார். அதில் அவருக்கும் சங்கடமில்லை, பிள்ளையாருக்கும் இல்லை. கால் முறியும்வரை அவர் தேயிலைத் தோட்டத்தில் சில்லறைக் கங்காணி. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் தலை எண்ணிப் பேர் கொடுத்தவர். பிந்தி வந்தால் அரைப்பேர், பாதி நாள்தான் கணக்கு. இந்த ஒரு சட்டம்தான் அவருக்குத் தெரியும். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்த தன் மனைவி காளியாயிக்கே அரைப்பேர் போட்ட மகானுபாவர்!

1932இல் தேயிலை விலை படுத்தது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். ஸ்கொட்லாந்தின் புனிதர் அந்திரேயர் திருநாள் ஆராதனைக்குப் பத்துப் பேராவது வராவிட்டால் கோயிலைப் பூட்டுவதாகக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பூட்டினால் பின்புறம் பொன்னையா குடியிருந்த அறையும் போய்விடும், மறுபடி தோட்டத்துக் கூலிகளின் ஒழுகும் லயம்தான். ஆள் எண்ணி எழுதும் வேலையைப் பாதிரியார் பொன்னையாவிடமே கொடுத்தார். விதியைப் பாருங்கள்.

அன்று மணியடித்தபோது ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாமவரான தோட்டத்துப் பெரிய துரை, தம் ஊர்க் கட்டம்போட்ட பாவாடையோடு காரிலிருந்து இறங்கியவர், திடீரென்று குதித்துக்கொண்டு பக்கத்திலிருந்த கார்க் கொட்டகைக்குள் ஓடினார். பாவாடைக்குள் அட்டை. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவர் உள்ளே வந்தபோது முதல் பாட்டு முடிந்திருந்தது. பொன்னையா அரைப்பேர் எழுதினார்.

வாசலில் நின்ற காளியாயி பதறிப்போனாள். “ஒம்பதரையா? வீடு போயிருங்க! தொரைக்கு முழுப்பேர் போடுங்க.”

“அட்டை கடிச்சுதுன்னு ஒனக்கு என்னைக்காச்சும் முழுப்பேர் போட்டேனா?”

எனக்கானால் அந்த மனுஷரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. காளியாயி உலுக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் பேர் போடுங்க.”

“நீ பிந்தி வந்தவ.”

“அரைப்பேரே போடுங்க.”

அரைப்பேர் விழுந்ததற்காக எத்தனையோ நாள் அழுதவள், முதல்தடவையாக அதைக் கேட்டு வாங்கினாள். கணக்கு பத்து. வீடு தப்பியது.

ஆராதனை முடிந்ததும் பாதிரியார் பொன்னையா எழுதிய பேர்ப் புத்தகத்தை உரக்க வாசித்தார். பெரிய துரைக்கு அரை, அடுத்த வரியில் காளியாயிக்கு அரை. துரையின் முகம் சிவந்தது. “நம்ம பேரு முழுசா எழுது” என்றார் தோட்டத்துத் தமிழில்.

காளியாயி எழுந்து நின்றாள். “பெரட்டு முடிஞ்சிருச்சுங்க தொரை. எழுதுனது எழுதுனதுதான்னு நீங்கதானே எங்ககிட்ட சொல்லுவீங்க.”