மடியில் வைத்த செம்பு

என் ஒன்பது வயது மகள் செண்பகத்துக்கு வாந்தி என்றாலே நடுக்கம். ஊரில் வாந்திபேதி வந்துபோனதிலிருந்து, வயிறு லேசாக வலித்தாலும் அழுவாள். தேற்றவேண்டிய நானோ அவளைவிடப் பயந்தாங்கொள்ளி.

ஆழ்வார்குறிச்சிக் கல்யாணத்துக்கு மாட்டுவண்டியில் போனபோது, அவள் வாந்தி எடுத்தால் பிடிக்கக் கையில் செம்போடு, போகும் திசைக்கு முதுகைக் காட்டி, அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தேன். மைல்கல்லுக்கு மைல்கல் கேட்டேன்: "ஏட்டி, வயிறு எப்படி இருக்கு?"

"நீங்க கேக்கும்போதுதாம்பா வலிக்கி!" என்று சீறினாள்.

"அண்ணாச்சி, மாடே மிரளுது. சும்மா வாங்க," என்றார் வண்டிக்காரர்.

அடுத்த மைல்கல்லில் நானே வாந்தி எடுத்தேன். செண்பகம் நடுங்கிக்கொண்டே செம்பைப் பிடித்தாள். "பையப் பைய வாந்தி எடுங்கப்பா."

வாய் கொப்பளித்ததும், "பசிக்குதுட்டி," என்றேன்.

"இவ்வளவுதானாப்பா வாந்தி?"

அன்றோடு அவள் வயிற்றை விசாரிப்பதை விட்டேன். இப்போதெல்லாம் வண்டி ஏறியதும் செம்பை என் மடியில் வைப்பவள் அவள்தான்.