வாய்க்காரியும் வெளிநாட்டுக் கிளையும்

கீலும் தாழ்ப்பாளும் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். சண்டைக்காரி என்பதால் இல்லை. கடல் தாண்டியிருக்கிற வியாபாரியோடு அவருடைய பாஷையிலேயே பேசத் தெரிந்த ஒரே வாய் அவளுடையதுதான். வேலைக்கு வந்ததென்னவோ பில் போட. முதலாளியா செலவு பண்ணிப் படிக்க வைத்தார்? அட போங்க! "கத்துக்கொடுத்தா வேற கம்பெனிக்கு ஓடிடுவாங்க" என்பது அவர் கொள்கை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்படியில் போனைச் சாத்தி வைத்து, தானாகக் கற்றுக்கொண்டாள்.

அவள் பேசிப் பேசித்தான் ஆர்டர் பெருகியது. இப்போது அந்த வியாபாரியின் ஊரிலேயே கிளை திறக்கிறார்கள். போகப்போவது இவள்தான் என்று பாலிஷ் போடுகிறவர் வரைக்கும் பேச்சு. முதலாளியும் தலையாட்டினார். "பிள்ளையை நான் பாத்துக்கறேன், நீ தைரியமா போ" என்று புருஷன் பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டான்.

கடைசியில் போகிறது யார்? முதலாளியின் மச்சான்! கீல் எது, தாழ்ப்பாள் எது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிற மகராசன்.

"நீ போயிட்டா இங்க யாரும்மா போன் பேசறது? நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்றார் முதலாளி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒழுங்காக வேலை செய்ததற்குத் தண்டனையா இது? வீட்டுப் பொண்ணாம், வீட்டுப் பொண்ணு! டிக்கெட் மட்டும் மச்சானுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வியாபாரியே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்கள். வழக்கம்போல முதலாளி நம் பாஷையில் சொல்ல, அவள் மாற்றிச் சொல்ல வேண்டும்.

"நான் ஏன் வரலைன்னு கேக்கறார் சார்."

"வீட்டுக்காரர் விடமாட்டேங்கறார்னு சொல்லு." டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார் முதலாளி.

அடப்பாவி மனுஷா! பெட்டி வாங்கி வைத்திருக்கிறவன் தலையிலா பழி? அதுவும் அவள் வாயாலேயா! மேசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக. அப்புறம் வியாபாரி ஏதோ கேட்டார். சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

முதலாளிக்குச் சந்தேகம் தட்டியது. "நான் சொன்னதைத்தானே சொன்னே?"

"ஒண்ணு விடாம சொன்னேன் சார். அது பொய்னும் சேத்துச் சொன்னேன்."