மிதித்தால் மட்டும் ஓடும் மோட்டார்

என் மூத்த அக்காளுக்கு நாத்தனார் ஒருத்தி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, கம்பெனிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பாள். அவள் புருஷன் காவல் வேலை பார்த்தவர். இடுப்பெலும்பு முறிந்து உள்ளறைக் கட்டிலில் படுத்த பிறகும் காவலை விடவில்லை. வீட்டுக்குள் எந்தச் சத்தம் நின்றாலும் அவர் குரல் வரும்.

பழைய மோட்டாருக்கு ஒரு குணம். சுவிட்சைப் போட்டுவிட்டால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமல்தான் அவளுக்கு நிழல். அதை ஓடவிட்டு, துணிக்குவியலில் தலைசாய்த்துக் கொஞ்சம் கண்ணயர்வாள். "பாவம், மாடா உழைக்கிறா" என்று அவர் என் அக்காளிடமே சொல்லியிருக்கிறார்.

கரண்ட் பில்லைப் பார்த்து மனம் பொறுக்காமல் அவள் மகளைக் கட்டிய மாப்பிள்ளைதான் புது மோட்டார் வாங்கி மாட்டினான்.

"அத்தே, இது மிதிச்சாத்தான் கரண்ட் இழுக்கும். காலை எடுத்தா கப்சிப். பில்லு பாதியாயிடும் பாருங்க."

"பழசு அதுபாட்டுக்கு ஓரமா கிடக்கட்டுமே மாப்ளே?"

"அந்த யானையையா? காயலான் கடைக்குப் போட்டாச்சு."

பில் பாதியானது நிஜம். மிச்சமானது அவருடைய மருந்துக்கு ஆயிற்று. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் முதல் நாளே, அவள் காலை எடுத்து நெற்றியைத் துடைப்பதற்குள் உள்ளிருந்து கேள்வி வந்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்? தூங்குறியா?"

"நூல் கோக்குறேன்."

"ஒரு ஊசிக்கு அரை நாளா?"

தண்ணீர் குடித்தால் ஒரு கேள்வி, சோம்பல் முறித்தால் ஒரு கேள்வி. மாப்பிள்ளையிடம் சொல்லலாமென்றால், 'என்னால தூங்க முடியலே' என்று எந்த வாயால் சொல்வது? ஆசையாய்ச் செய்து கொடுத்த உபகாரம். மருந்தும் அதில்தான் வருகிறது.

கடைசியில் ஒரு வழி கண்டாள். நூலை உருவிவிட்டு, துணியில்லாமல் வெறும் ஊசியை ஓட்டினாள். தலை குவியலில், கால் மிதியில். கண்ணை மூடலாம், காலை எடுக்க முடியாது.

உள்ளே கேள்வி அடங்கியது. பில் மட்டும் மெல்ல ஏறியது. மாப்பிள்ளை வந்து மோட்டாரைக் குனிந்து பார்த்தான்.

"கோளாறா அத்தே? மாத்திடவா?"

அவள் வாய் திறக்குமுன் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"மோட்டாருக்கு என்ன கேடு மாப்ளே? இப்பத்தான் அவ நிறுத்தாம தைக்கிறா. கம்பெனியில சொல்லி இன்னும் ரெண்டு கட்டுத் துணி வாங்கிக் குடுங்க."

மறுநாளே கட்டுகள் வந்து இறங்கின. துணிக்குவியல் அவள் தலைக்கு மேல் போயிற்று.