புஷ்கரத்துக்குப் போன இரண்டு சொம்புகள்

எழுதினால் பாவமோ என்று பல வருஷம் தயங்கினேன்.

நானும் மனைவியும் மயிலாப்பூரிலிருந்து, வடக்கே பாலைவனத்து ஓரமிருக்கும் புஷ்கரத்துக்கு யாத்திரை புறப்பட்டோம். அங்கே மடியான, தீட்டுப்படாத தண்ணீர் கிடைக்காதென்று, செப்புச் சொம்பில் கிணற்று நீர் நிரப்பி, சிந்தாமலிருக்க ஈயம் வைத்து அடைத்தோம். உயிர் பிரியும்போது வாயில் விடுகிற கங்கைச் சொம்பும் அச்சாக அதே மாதிரி. வழியில் ஏதாவது ஆனால் வேண்டுமேயென்று அதையும் எடுத்துக்கொண்டோம்.

மணற்காட்டில் ரயில் போகையில் அவள் தாகத்தால் கண் செருகிச் சாய்ந்தாள்.

"எதுடி குடிக்கிற ஜலம்?"

"தெரியலையேன்னா..."

உயிரோடிருப்பவளுக்குக் கங்கையை விட்டுவிட்டால்? பகவானே என்று ஒன்றின் ஈயத்தைப் பெயர்த்துப் புகட்டினேன்.

"எதுவா இருந்தா என்ன, இன்னும் கொஞ்சம் விடுங்கோ!" என்றாள்.

பூஜை அறையில் திறக்காமல் மிஞ்சியிருக்கும் சொம்பில் இருப்பது கங்கையா, கிணறா? ஈசுவரனுக்கே வெளிச்சம். இப்போதெல்லாம் குடிநீருக்குத் திருகுமூடிக் கூஜாதான். யாத்திரை கிளம்புகிறவர்களிடம் இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.